திங்கட்கிழமை மரத்தூள்

அந்தத் துணி வெளுக்கும் ஆலையில் ஸ்டோர் பொறுப்பு அவளிடம். அங்கேயே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் அவள் புருஷன். கல்யாணமாகி இரண்டு வருஷம். அதற்குக் காரணம் ஒரு மூட்டை மரத்தூள் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும்.

அப்போது அவள் வேலைக்குப் புதிது. தரையில் எண்ணெய் கொட்டினால் துடைக்க ஒரு பழந்துணிகூட இல்லையே என்று யாரிடமோ புலம்பிக்கொண்டிருந்தாள். அது அவன் காதில் விழுந்திருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை தன் அண்ணனுடைய மரப்பட்டறையிலிருந்து ஒரு மூட்டையை ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்து ஸ்டோர் வாசலில் இறக்கினான். "என்ன கொட்டினாலும் குடிச்சிடும்," என்றான். அதற்குமேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை. பூக் கொடுக்கத் தெரியாத ஆள், பாவம். அதன்பின் ஒரு திங்கட்கிழமைகூடத் தவறவில்லை. கல்யாணமான பிறகும் மூட்டை முன்னால், அவள் பின்னால் என்றுதான் ஸ்கூட்டர் வந்தது.

சிக்கல் பெராக்சைடால் வந்தது. வெளுக்கிற பழைய மருந்தை நிறுத்திவிட்டு, வீரியம் கூடிய பெராக்சைடுத் திரவத்தைக் கேன் கேனாக இறக்கினார்கள். கூட வந்த தாளை அவள் வரி விடாமல் படித்தாள். மரத்தூள், காகிதம், பருத்தித்துணி எதையும் இதன்மேல் போடக்கூடாது. சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். எரியாத கல்துகள்தான் போடவேண்டும். அவள் வெர்மிகுலைட் வரவழைத்தாள். பாறையைச் சுட்டுப் பொரியவைத்த துகள் அது. பழுப்பாக, லேசாக, பார்வைக்கு மரத்தூளின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்தது.

மற்ற எல்லோருக்கும் அவளே பாடம் எடுத்தாள். அன்று அவனுக்கு வேறு ஷிஃப்ட். "அவர்கிட்ட நான் வீட்டுல சொல்லிக்கிறேன்," என்று மேனேஜரிடம் பொறுப்பாகச் சொன்னாள். வீட்டுக்குப் போனால், மனுஷன் தரையில் உட்கார்ந்து மரத்தூளைச் சலித்துக்கொண்டிருந்தான்.

"எதுக்குங்க இதெல்லாம்?"

"உன் கையில சிலாம்பு குத்தக்கூடாதுல்ல."

அதைக் கேட்ட பிறகு எந்த வாயால் சொல்வாள்? நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். அந்த நாளை வரவே இல்லை. திங்கள்தோறும் அவன் தலை மறைந்ததும் மூட்டையைப் பிரித்து மரத்தூளைக் கொட்டிவிட்டு, அதே சாக்கில் வெர்மிகுலைட்டை நிரப்பி, அவன் தைத்தமாதிரியே தைத்துவைத்தாள். வேறு யாராவது இந்த வேலை பார்த்திருந்தால் கிழிகிழி என்று கிழித்திருப்பாள். அவளுக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆலையில் எது கொட்டினாலும் முதலில் ஓடுகிறவன் அவன்.

ஒரு திங்கட்கிழமை காலையிலேயே லாரி வந்துவிட்டது. கேன்களை எண்ணி இறக்கியதில் மூட்டையை மாற்ற நேரமில்லை. பதினொரு மணிக்கு வெளுக்கும் கூடத்தில் தள்ளுவண்டியிலிருந்து ஒரு கேன் விழுந்து பிளந்தது. யாரோ கத்தினார்கள். அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவன் ஃபோர்க்லிஃப்டிலிருந்து குதித்து, வாசலில் இருந்த புது மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான்.

அது மாற்றாத மூட்டை. அவள் "போடாதீங்க!" என்று அலறினாள். மெஷின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? அவனுக்குப் பின்னாலேயே ஓடி, சாக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். சாக்கு கிழிந்து மரத்தூள் சிதறியது. பெராக்சைடு ஒரு முழம் தள்ளி நின்றது.

அவள் எழுந்து, கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, மூலையில் இருந்த, முன்பே மாற்றித் தைத்த பழைய மூட்டையை இழுத்துவந்து, மரத்தூளுக்கும் பெராக்சைடுக்கும் நடுவில் வரப்புபோலக் கொட்டினாள். மற்றவர்கள் மரத்தூளை அள்ளி அப்புறப்படுத்தினார்கள். எல்லாம் அடங்கியதும் அவன் காலியான அந்தப் பழைய சாக்கைத் தூக்கிப் பார்த்தான். அவன் வீட்டுச் சாக்குதான். அடியில் மிஞ்சியதை ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தான்.

"இதுல மரவாசனையே இல்லையே."

"அது மரத்தூள் இல்லீங்க."

"எவ்வளவு நாளா?"

"எட்டு மாசமா."

சுற்றி நின்றவர்களுக்குத் திடீரென்று ஆளுக்கொரு வேலை ஞாபகம் வந்தது. அவன் முகம் சுண்டிப்போய் வண்டிக்குத் திரும்பினான்.

சாயங்காலம் இருவரும் ஸ்கூட்டரில் வீடு திரும்பினார்கள். உள்ளே வந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் கேட்டான்.

"நான் கொண்டுவந்ததையெல்லாம் எங்க கொட்டின?"

"ஆலையில உங்க ஃபோர்க்லிஃப்ட் நிக்கிற இடத்துலங்க. அங்க எண்ணெய் ஒழுகுது. இறங்கும்போது நீங்க வழுக்கிடக்கூடாதுன்னு."

அவன் செருப்பை ஓரமாகத் தள்ளிவைத்தான்.

"என் மனசு நோகக்கூடாதுன்னு பாத்த. சரி. நான் இன்னைக்கு வெந்துபோயிருந்தா?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தப்பு முழுக்கத் தன்னுடையது என்று தெரிந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனுக்கும் கண் கலங்கியிருந்தது.

அந்த வாரம் முழுக்க அவன் வீட்டில் சல்லடையை எடுக்கவே இல்லை. இனி மூட்டை வராது என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அவன் மட்டும் அண்ணன் பட்டறைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்தான். திங்கட்கிழமை காலை ஸ்கூட்டரின் முன்னால் மூட்டை இருந்தது. ஸ்டோர் வாசலில் இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனான். சாக்கின்மேல் தடித்த மார்க்கரில், கோணல்மாணலான கையெழுத்தில் எழுதியிருந்தது: "எண்ணெய்க்கு மட்டும். பெராக்சைடு பக்கம் கொண்டுபோகாதே."

அதற்குக் கீழே, இடம் பற்றாமல் பொடியாக இன்னொரு வரி: "சிலாம்பு இல்லை. சலித்தாகிவிட்டது."