கால்நடைத் துறை மட்டும் சிவப்பு

வீட்டில் இரண்டு மருமகள்கள். மூத்தவளைப் பெரியவள் என்றும் இளையவளைச் சின்னவள் என்றும் மாமனார் கூப்பிடுவார். அவர் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கட்டிய கணவன்மார் வாயிலும் அதுவே நிலைத்துவிட்டது. இருவருக்கும் அரசாங்க உத்தியோகம். பெரியவள் கால்நடைத் துறையில் பணியாளர் பிரிவுக்குக் கண்காணிப்பாளர். சின்னவள் செயலகத்தில் இருந்தாள். ஒரே பஸ்ஸில் போய், ஒரே பஸ்ஸில் வந்து, சமையலறையில் ஆளுக்கொரு அடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் கதை பேசுவார்கள். ஓரகத்திகள் என்று சொன்னால் பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள், அக்கா தங்கை என்றுதான் நினைப்பார்கள். பெரியவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், அந்தச் சாயங்காலம் வரைக்கும்.

சின்னவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகத்தில் சிரிப்பு வழிந்தது.

"மாமா, என்னைப் போட்டுட்டாங்க! புதுச் சட்டத்துக்கு எல்லாத் துறையையும் தயார் பண்ற குழு இருக்குல்ல, அதுக்கு நான்தான் பொறுப்பு."

மாமனார் தபால் இலாகாவில் ஆயுளைக் கழித்தவர். அரசாங்கத்தில் யாருக்கு என்ன நல்லது நடந்தாலும் தனக்கே நடந்ததாகப் பூரித்துப்போவார். இப்போது தன் வீட்டிலேயே நடந்திருக்கிறது, கேட்கவா வேண்டும்! கையிலிருந்த ரிமோட்டைப் போட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"எல்லாத் துறைக்குமா? போலீசுக்குமா?"

"போலீசுக்கும்தான் மாமா."

பெரியவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அடடே, நல்ல சேதி" என்று குரல் கொடுத்தாள். குரல் சரியாகத்தான் வந்தது. வயிற்றுக்குள் மட்டும் யாரோ நெருப்பை அள்ளிக் கொட்டியதுபோல் இருந்தது. அதே பொறுப்புக்கு அவளும் மனுப் போட்டிருந்தாள். வீட்டில் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. கிடைத்தால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். சர்வீஸில் இவள் மூத்தவள். பணியாளர் விதிகளில் ஊறியவள். போயும் போயும் சின்னவளா? கண்ணில் தண்ணீர் முட்டியது. நல்லவேளை, கையில் வெங்காயம் இருந்தது.

அரசு வேலைக்கு ஆள் எடுப்பதிலிருந்து பதவி உயர்வு வரைக்கும் எல்லாவற்றையும் புரட்டிப்போடும் சட்டம் அது. அமலுக்கு வருவதற்குள் ஒவ்வொரு துறையும் தன்னிடம் உள்ள ஒவ்வொரு பதவிக்கும் என்ன வேலை, என்ன தகுதி என்று புதிதாக எழுதி அனுப்ப வேண்டும். அப்படி எழுதிப் போகிற பதவியில் இருக்கும் தற்காலிக ஊழியர் நிரந்தரமாகிவிடுவார். எழுதாமல் விட்டால் அந்தப் பதவியே இல்லை என்று ஆகிவிடும். அதில் இருப்பவர், பத்தோடு பதினொன்றாக மறுபடி மனுப் போட்டு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

மறுவாரமே சின்னவளுக்கு ஆபீஸ் கார் வந்தது. "அக்கா, உங்க ஆபீஸ் வழியாத்தான் போறேன். ஏறிக்குங்க" என்றாள்.

"வேணாம்மா. ஏசி எனக்கு ஒத்துக்காது" என்றாள் பெரியவள். வெயிலில், பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகும்போது அந்தக் கார் இவளைத் தாண்டிப் போயிற்று. சின்னவள் கண்ணாடியை இறக்கிக் கையாட்டினாள். அதுவும் இவளுக்குக் குத்திக்காட்டுவதாகவே பட்டது.

வீட்டிலோ மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. போனில் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகப் பிடித்து, "நம்ம சின்னவ சொன்னாத்தான் இனிமே கலெக்டரே ஆள் போட முடியும்" என்று அள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். பெரியவளைப் பற்றி அந்தப் பக்கத்தில் யாரோ கேட்டிருக்க வேண்டும். "அவளா? அவ இருக்கா, அதே மாட்டாஸ்பத்திரிலதான்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

கால்நடைத் துறையின் முறை வந்தது. கீழ்த் தளத்தில் மருத்துவமனை, மேலே அலுவலகம். கூட்ட அறையில் எது பேசினாலும் கீழேயிருந்து ஓர் ஆடு பதில் சொல்லும். சின்னவள் வந்தாள், திரையில் படம் போட்டுப் பேசினாள். ஆடு கத்தியபோது பேச்சை நிறுத்தி, "அவங்களும் தற்காலிகம்தானோ?" என்றாள். அறையே குலுங்கிச் சிரித்தது. எதற்கும் சிரிக்காத இயக்குநர்கூடச் சிரித்தார். இந்த அறையில் எத்தனையோ வருஷம் உட்கார்ந்தும் தனக்கு அந்த ஆட்டை வைத்து ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே என்று பெரியவள் பொருமினாள்.

"இதுல ஏதாவது சந்தேகம் இருக்கா மேடம்?" என்று சின்னவள் இவளைப் பார்த்தே கேட்டாள். மேடமாம். காலையில், 'அக்கா, என் டிபன் பாக்ஸ் மூடி எங்க?' என்று கேட்ட வாய்.

கூட்டம் கலைந்ததும் டைப்பிஸ்ட் பெண் ஓடிவந்தாள். "உங்க ஓரகத்தியாமே மேடம்! என்னமா பேசுறாங்க! உங்களுக்கென்ன, சொல்லிக்குடுக்க ஆள் வீட்டுலயே இருக்கு!"

"ஆமா, ஆமா" என்றாள் பெரியவள். அன்றைக்கு முடிவு செய்தாள். முடிவு என்றுகூடச் சொல்ல முடியாது. அப்படித் தெளிவாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தால் அவளே கூசியிருப்பாள். வேலையை அவள் நிறுத்தவில்லை, நகரவிடாமல் பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான். பதவி விவரங்களை எழுதி வரச் சொன்னாள். எழுதி வந்ததில் எழுத்துப் பிழை என்று திருப்பினாள். திருத்தி வந்ததும், ஒரு பத்திக்கும் அடுத்ததற்கும் இடைவெளி போதாது என்றாள். அதுவும் சரியானதும், இயக்குநர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து அவர் மேஜைக்கு அனுப்பினாள். ஒரு காகிதத்தைக் கிடப்பில் போடுவதில் இத்தனை சாமர்த்தியம் தனக்கு உண்டு என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. யாரும் இவளைக் குறை சொல்ல முடியாது. சின்னவளின் ஆபீஸ் சுவரில் துறைக்கு ஒரு கட்டம் போட்ட பெரிய அட்டவணை இருப்பதாகக் கேள்வி. முடித்தவர்களுக்குப் பச்சை, முடிக்காதவர்களுக்குச் சிவப்பு. அது முழுப் பச்சையாகிவிடாமல் தன் துறை நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டால், பஸ்ஸில் நின்றுகொண்டு போவதுகூடச் சுகமாக இருந்தது.

தடுப்பூசி வேனின் டிரைவர் ஒருநாள் அவள் மேஜை முன்னால் வந்து நின்றார். வாத்தியார் முன் நிற்கும் பிள்ளை மாதிரி எப்போதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற மனிதர். தலை நரைக்கத் தொடங்கியும் தற்காலிகம்தான்.

"மேடம், நம்ம பதவி எழுதிப் போயிடுச்சுங்களா?"

"போகும், போகும். அவசரப்பட்டா எப்படி?"

"சரிங்க மேடம்" என்று போய்விட்டார். பெரியவள் தலை நிமிரவில்லை.

சட்டம் அமலுக்கு வரும் நாள் நெருங்கியபோது செயலாளர் ஆய்வுக் கூட்டம் கூட்டினார். எல்லாத் துறைத் தலைவர்களும் வந்திருந்தார்கள். இயக்குநர் துணைக்குப் பெரியவளை அழைத்துப் போனார். அட்டவணை திரையில் தெரிந்தது. ஒரே பச்சை. நடுவில் ஒரே ஒரு சிவப்பு, நெற்றியில் அடிபட்ட காயம் மாதிரி.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "கால்நடைத் துறை மட்டும் ஏன் சிவப்பு?"

இயக்குநர் திரும்பி இவளைப் பார்த்தார். பெரியவள் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தாள். குழு கொடுத்த விளக்கம் போதவில்லை, அதனால் தாமதம் என்று, மரியாதையாக, குத்தவேண்டிய இடத்தில் குத்துகிற பதில். வாயைத் திறப்பதற்குள் சின்னவள் எழுந்துவிட்டாள்.

"எங்க பக்கத் தப்பு சார். அவங்களுக்கு நாங்க பழைய மாதிரிப் படிவத்தை அனுப்பிட்டோம். அதைத் திருத்தி அனுப்பவும் லேட் பண்ணிட்டோம்."

அவ்வளவுதான். செயலாளர் பிடித்துக்கொண்டார். இத்தனை பேர் முன்னால், பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையை நிற்கவைத்துத் திட்டுவதுபோல் திட்டினார். சின்னவள் நின்றாள். காது மடல் சிவந்தது. "இந்த வாரத்துக்குள்ள முடிச்சுடறேன் சார்" என்றாள்.

இத்தனை நாளும் பெரியவள் எதற்கு ஏங்கினாளோ அது கண் முன்னால் நடந்தது. ஆனால் ஒரு துளிகூட இனிக்கவில்லை. வயிறு முன்னைவிட மோசமாக எரிந்தது. பதவியும் அவளுக்கு, காரும் அவளுக்கு, மாமனாரின் வாய் நிறைந்த பெருமையும் அவளுக்கு. கடைசியில் நல்லவள் என்ற பட்டத்தையும் அவளே தட்டிக்கொண்டு போய்விட்டாளே!

கூட்டம் முடிந்ததும் மாடிப்படி வளைவில் சின்னவளை மறித்தாள்.

"உன்னை யாரு எனக்காகப் பொய் சொல்லச் சொன்னா?"

சின்னவள் மேலும் கீழும் ஆள் வருகிறதா என்று பார்த்தாள். பிறகு, இத்தனை வருஷத்தில் பெரியவள் கேட்டிராத குரலில் சொன்னாள்:

"உங்களுக்காகன்னு யாரு சொன்னா? எனக்காக! சொந்த ஓரகத்தியையே வேலை வாங்கத் துப்பில்லாதவன்னு நாளைக்கு அத்தனை ஆபீசும் சிரிக்கும். அதைவிடத் திட்டு வாங்குறது மேல்னு தோணுச்சு, வாங்கிட்டேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு உங்க பேரை அங்கயே போட்டு உடைச்சிருக்கணும்!"

பெரியவளுக்கு நெஞ்சில் ஏதோ சட்டென்று இளகியது. அப்பாடா! இவள் ஒன்றும் தியாகி இல்லை. இவளுக்கும் கௌரவப் பிரச்சினைதான். இவளுக்கும் ஆத்திரம் வருகிறது, மூக்கு விடைக்கிறது. பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. நீ ரொம்ப நல்லவளோன்னு பயந்துட்டேன்."

சின்னவள் சிரிக்கவில்லை. "நீங்களும் மனுப் போட்டது எனக்குத் தெரியும்க்கா. பட்டியலைப் பார்த்தேன். நீங்களே சொல்லலையேன்னு நானும் கேட்கல. என் மேல கோபம்னா என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். உங்க வேன் டிரைவர் என் ஆபீசுக்கு வந்தாரு, தெரியுமா? ஒரு மணி நேரம் வராண்டாவுல நின்னாரு. 'அந்த மேடத்தைக் கேட்டா சங்கடப்படுவாங்க, நீங்களாவது சொல்லுங்க, என் பதவி இருக்கா இல்லையா'ன்னு கேட்டாரு. நான் என்னன்னு சொல்றது?"

பெரியவளின் சிரிப்பு வந்த வழியே போய்விட்டது. கையைக் கட்டிக்கொண்டு அந்த மனிதர் யார் யார் வராண்டாவிலோ நிற்பது கண்ணுக்குள் வந்தது. சின்னவளை எரிக்க மூட்டிய நெருப்பில் அவரல்லவா வெந்துகொண்டிருந்திருக்கிறார்! படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு லீவு. என் ஆபீசுக்கு வர்றியா? உட்கார்ந்து முடிச்சுடலாம்" என்றாள்.

"காலையிலயே வர்றேன்" என்றாள் சின்னவள், இன்னும் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு.

மறுநாள் யாருமில்லாத அலுவலகத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். கீழே ஆடு மட்டும் ஓய்வில்லாமல் கத்திக்கொண்டிருந்தது. முதல் ஒரு மணி நேரம் காகிதச் சத்தம்தான். வேன் டிரைவரின் பதவியைப் பெரியவளே முதலில் எடுத்தாள். அவர் ஓட்டுவது மட்டுமில்லை, மருந்துப் பெட்டியில் ஐஸ் உருகாமல் பார்த்துக்கொள்கிறார், மாட்டைப் பிடித்துக்கொள்கிறார், வழி தெரியாத ஊரில் வீடு வீடாகப் போய்ச் சொல்கிறார் என்று ஒரு பக்கம் எழுதினாள். சின்னவள் அதை வாங்கிப் படித்தாள். பேனாவை எடுத்து நாலே வரியாக்கினாள். ஒன்றும் விட்டுப்போகவில்லை, ஒன்றும் மிஞ்சவும் இல்லை.

பெரியவள் அந்த நாலு வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். தான் ராப்பகலாக முட்டிக்கொண்டாலும் இப்படி எழுத வராது. இத்தனை நாளாக, சின்னவளுக்கு யாரோ சிபாரிசு, பேச்சு சாமர்த்தியம், அதிர்ஷ்டம் என்று என்னென்னவோ சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். இப்போது அதற்கும் வழியில்லை. சரியான ஆளைத்தான் போட்டிருக்கிறார்கள். அது தெரிந்ததும் பொறாமை அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. ஆனால் அதில் இருந்த கசப்பு கொஞ்சம் வடிந்து, ஏக்கம்தான் பாக்கி நின்றது.

"இது எனக்கு வராது" என்றாள்.

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். "மாட்டைப் பிடிக்கிறதும் அவர்தான்னு எனக்குத் தெரியாதுக்கா" என்று மட்டும் சொன்னாள். பிறகு, ஆய்வக உதவியாளருக்குப் பத்தாம் வகுப்புப் போதுமா, மேலே வேண்டுமா என்று இருவரும் ஒரு பாடு சண்டை போட்டார்கள். பெரியவளே ஜெயித்தாள். வீடு திரும்பும்போது பசியில் இருவருக்கும் காது அடைத்திருந்தது.

சட்டம் அமலுக்கு வந்தது. டிரைவருக்கு நிரந்தர ஆணை வந்த அன்று அவர் பெரியவளிடம் வந்து கும்பிட்டார். "எனக்கு நன்றி சொல்லாதீங்க. நான்தான் லேட் பண்ணேன்" என்றாள் அவள். அவர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் குனிந்து கும்பிட்டார். அதை விளக்கிச் சொல்லும் தைரியம் அவளுக்கு வரவில்லை. அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

சின்னவளுக்கு மேலும் ஒரு படி ஏற்றம். இதே சட்டத்தை மாவட்ட அலுவலகங்களில் நடைமுறைக்குக் கொண்டுவரும் பொறுப்பு, புதிய பதவியோடு. ஊர் ஊராகப் போக வேண்டும். மாமனார் மறுபடி போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சின்னவள் அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். பெரியவள் கதவில் சாய்ந்து நின்றாள்.

"என்னக்கா?"

"வயிறு எரியுது" என்றாள் பெரியவள். "சொல்லிட்டேன். அப்புறம் சொல்லலைன்னு சொல்லாதே."

சின்னவள் மடித்த துணியைப் பெட்டிக்குள் திணித்தாள். "ரொம்பவா?"

"ரொம்பத்தான்."

"சரி. எரிஞ்சுக்கிட்டே இந்தப் பெட்டி மேல கொஞ்சம் உட்காருங்க. ஜிப் மூடமாட்டேங்குது."

பெரியவள் போய், தன் முழுக் கனத்தையும் வைத்து உட்கார்ந்தாள்.