எட்டுப் பாயிண்ட் தாய்மாமன்

அழைப்புப் பத்திரிகை ஊருக்குள் போய்ச் சேர்ந்த மறுநாள், மல்லசமுத்திரம் சென்னியப்பன் இரண்டரை அடி உயரத்தில் தூங்கி எழுந்தார். படுக்கும்போது ஐந்தரை அடி இருந்தவர். அன்று முட்டை விலை ஐந்து காசு இறங்கியிருந்தது. வேனின் பிரேக்குக்குக் கால் எட்டாததால் அவருடைய முட்டை லோடு வேறொருவரிடம் போயிற்று.

காரணம் அவர் தங்கை உஷாராணிதான். பஸ் ஸ்டாண்டு எதிரே டி.டி.பி. கடை வைத்திருப்பவள், மகளின் காதுகுத்துப் பத்திரிகையைத் தானே அடித்தாள். எல்லார் பெயரையும் பதினெட்டுப் பாயிண்ட் எழுத்தில் வைத்து முடிக்கையில் கண் எரிந்தது. திரையின் ரெசல்யூஷனைக் குறைத்தாள். எழுத்தெல்லாம் ஊதிப் பெருத்தது. பக்கத்தின் அடியில் இருந்த தாய்மாமன் பெயர் மட்டும் திரையை அடைத்துக்கொண்டு நிற்க, மற்ற பெயர்கள் மேலே போய் மறைந்தன. பெரிதாகிவிட்டதென்று அந்தப் பெயரைக் குறைத்தாள், இன்னும் குறைத்தாள். எட்டில் லட்சணமாக இருந்தது. பெருத்தது திரையில்தான், தாளில் இல்லை என்பது இத்தனை வருடம் தொழில் செய்தவளுக்கு அன்றைக்கென்று மறந்துபோயிற்று. போதாக்குறைக்கு, தட்டெடுத்துப் போய் அழைக்க நேரமில்லையென்று பத்திரிகையை ஆள் மூலம் கொடுத்தனுப்பிவிட்டாள்.

அண்ணன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். அவரோ அந்தப் பிள்ளையைவிடக் குள்ளமாகிக் கதவைச் சாத்திக்கொண்டார். எட்டில் போட்டால் மனுஷன் வேறென்ன ஆவான் என்றது ஊர். உஷாராணி ரெசல்யூஷனைப் பழையபடி வைத்துப் பார்த்தாள். அண்ணன் பெயர் எறும்பாகக் கிடந்தது. அழுகை வந்தது, அழுதாள். அழுதுகொண்டே பதினெட்டாக்கி, புதிதாக அச்சடித்து, வெற்றிலை பாக்குத் தட்டோடு அவளே போனாள்.

“வேணும்னு செய்யலீங்கண்ணா. எனக்குப் பெருசாத் தெரிஞ்சுதுங்க.”

“உனக்குத் தெரிஞ்சாப் போதுமா அம்முணி? ஊரு பாக்கறது பத்திரிகையைத்தான,” என்றார் அவர், கட்டில்மேல் ஏறி நின்று. பத்திரிகையை வாங்கினார். வாசிக்க வாசிக்க வளர்ந்தார். ஐந்தரை அடி வந்ததும் மடியைத் தட்டிப் பார்த்துக்கொண்டு, தங்கை முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

“புள்ள நல்லா கொழுகொழுன்னு இருக்கறா. மடி பத்தாதாட்ட இருக்குது. இன்னும் ரெண்டு பாயிண்ட் ஏத்திப் போடு, சாமி.”

ஏத்திப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளை மாமன் மடி நிறைய உட்கார்ந்து, ஊரே கேட்க அலறியது. சென்னியப்பன் ஆறடியிலேயே இருந்துவிட்டார். வேனின் சீட்டைப் பின்னுக்குத் தள்ளிப் போட்டிருக்கிறார். தங்கை வீட்டு நிலை மட்டும் தாழ்வு. வரும்போதெல்லாம் குனிந்துதான் நுழைகிறார்.