வாசலில் நின்ற வெள்ளம்

அந்த ஆண்டு ஆற்று வெள்ளம் பூட்டுக்காரர் வீட்டு வாசலில் இடுப்பளவுக்கு நின்றது. கதவைத் திறக்காததால் உள்ளே வரவில்லை. கதவிடுக்கில் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. அதற்கு அவ்வளவு மரியாதை பழகியிருந்தது.

பழக்கியது ஊர்தான். முன்பொரு பெருவெள்ளம் பல சுவர்களையும், தெருவில் நின்ற பூட்டுக்காரரின் மகளையும் கொண்டுபோன பிறகு, இனித் தண்ணீரோடு மல்லுக்கட்டுவதில்லை என்று எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். அதிகாரிகள் யாரும் வந்து சொல்லவில்லை. வந்திருந்தால் இன்னும் பேசிக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்கு வீடு முன்வாசலுக்கு நேரே பின்வாசல் வைத்தார்கள். ஆறு பெருகினால் சாமான்களைப் பரணில் ஏற்றி, கதவுகளைத் திறந்துபோட்டு, பள்ளிக்கூடத்து மாடிக்குப் போய்விடுவார்கள். வெள்ளம் முன்னால் நுழைந்து பின்னால் வெளியேறி வயலில் இறங்கும். சில வருஷங்களில் அது ஒரு செங்கல்லையும் அசைக்காமல் போகக் கற்றுக்கொண்டது.

பூட்டுக்காரர் வீடு சற்று மேட்டில் இருந்ததால் அதுவரை தண்ணீர் அங்கே படியேறியதில்லை. உள்ளே சுவரில் மகளின் உயரத்தை அவர் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். அவள் போன பிறகும் வருஷத்துக்கு ஒரு கோடு, யாரும் போடாமலே, முந்தையதற்கு மேலே விழுந்தது. பெண் நன்றாக வளர்கிறாளா என்று கடைத்தெருவில் விசாரிப்பார்கள். அந்தச் சுவர் நனையக் கூடாது என்றுதான் இந்த முறை கதவைத் திறக்காமல் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

ஒரு வாசலையும் விட்டுவிட்டுப் போகப் பழகாத தண்ணீர், அந்த ஒரு கதவுக்காகத் தெரு முழுக்கத் தேங்கி நின்றது. ஜனங்கள் மாடியிலேயே கிடந்தார்கள். பக்கத்து வீட்டுத் தையல்காரி பின்பக்கமாக வந்தாள்.

"அண்ணே, அந்தச் சுவர நனைக்கச் சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா பள்ளிக்கூடத்து மாடி ஈரத்துல என் குழந்தை இருமி இருமித் துவண்டுபோச்சு."

பூட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மனைவிதான் எழுந்தாள்.

"கோட்டக் காப்பாத்தி என்ன பண்ணப்போறோம்? அந்தக் குழந்தைக்கு மூச்சு இருக்குங்க."

அவளே தாழ்ப்பாளை விலக்கினாள். கூப்பிட்டதும் வரும் விருந்தாளிபோல வெள்ளம் உள்ளே வந்து, சுவரோரமாக எழும்பி, எல்லாக் கோடுகளையும் அழித்துவிட்டுப் பின்வாசல் வழியே போயிற்று. பூட்டுக்காரர் வாய்விட்டு அழுதார். இருட்டுவதற்குள் தெரு வடிந்து, தையல்காரி குழந்தையோடு வீடு திரும்பினாள்.

அடுத்த மழைக்காலத்தில் பூட்டுக்காரர்தான் முதலில் கதவைத் திறந்துபோட்டார். தண்ணீர் வடிந்ததும், வெறும் சுவரில் வண்டலால் இழுத்த ஒரே ஒரு கோடு இருந்தது. மனைவி அந்தச் சுவரோடு முதுகை ஒட்டி நின்று அளந்து பார்த்தாள்.

"என்னையே தாண்டிட்டா."

சேறு வழிக்க வந்திருந்த தையல்காரி அண்ணாந்து பார்த்து, இனிமேல் பெண்ணுக்குத் துணி அரை மீட்டர் கூடுதலாக எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்தாள்.