சபை சொல்லும் வரிகள்

போன ஞாயிறு என் வீட்டுக்காரர் கோயிலில் என் மானத்தை வாங்கிவிட்டார். முப்பத்தாறு வருடம் போதகராக இருந்து ஓய்வு பெற்றவர், முதல் தடவையாக என் பக்கத்தில், மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பீடத்தில் புதுப் போதகர், சின்ன வயசுக்காரர். அவர் சபைப் பக்கம் திரும்பி 'கர்த்தர் உங்களோடிருப்பாராக' என்று வாழ்த்துச் சொல்ல வாயெடுப்பதற்குள், இவர் எழுந்து, கைகளை விரித்து, கணீரென்று அதைப் பாடியே விட்டார். சபையும் பழக்கதோஷத்தில் இவரைப் பார்த்தே பதில் பாடியது. புதுப் போதகர் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

இந்தச் சனிக்கிழமை காலை, "நாளைக்கு நான் வரலை. முழங்கால் வலி," என்றார். முழங்காலுக்கு ஒன்றுமில்லை. ஒரு வாரம் விட்டால் மறு வாரமும் விடுவார். அப்புறம் ஆளை அசைக்க முடியாது. கோயிலை விட்டால் இந்த மனுஷர் என்ன ஆவார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

"உட்காருங்க," என்று ஆராதனைப் புத்தகத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டு, பீன்ஸை எடுத்து நார் உரிக்க ஆரம்பித்தேன். "இப்போ நான் குரு, நீங்க சபை. தடிச்ச எழுத்துல இருக்கற சபை வரிக்கு மட்டும்தான் வாயைத் திறக்கணும்."

"சமையல்கட்டுலயா?"

"ஏன், ஆண்டவருக்கு இங்க வர வழி தெரியாதா?"

சிரித்துவிட்டார். குருவின் வரிகள் எனக்கு மனப்பாடம். இத்தனை வருடம் கேட்டது சும்மாவா? அவர்தான் தடுமாறினார். என் வரிக்குள் நுழையும்போதெல்லாம் கரண்டியால் மேசையைத் தட்டினேன். பாவ அறிக்கையை மட்டும் விரல் வைத்து, நிதானமாக வாசித்தார். அடுத்தது குரு சபைக்குச் சொல்லும் மன்னிப்பு. உன் பாவங்கள் எல்லாம் மன்னிக்கப்பட்டன என்று விளையாட்டாகத்தான் சொன்னேன்.

ஆமென் வரவில்லை.

"இதை நான் சொல்லியே பழக்கம்," என்றார், புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல். பிறகு, "அந்த ஞாயித்துக்கிழமைக்கும் சேத்தா?"

எந்த ஞாயிறு என்று எனக்குத் தெரியும். எங்கள் இரண்டாவது குழந்தை ஆஸ்பத்திரியில் இறந்தே பிறந்த ஞாயிறு. ஆள் அனுப்பியும், ஆராதனையை முடித்துவிட்டு, வெள்ளை அங்கி கையில் தொங்க மத்தியானம்தான் வந்தார். குழந்தையின் முகத்தை நான் தனியாகப் பார்த்தேன். இருபத்தொன்பது வருடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வாராவாரம் அவர் வாயால் மன்னிப்பை வாங்கிக்கொண்டு வந்து, அவருக்கு மட்டும் கொடுக்காமல் வைத்திருந்தேன். கெட்டிக்காரிதான் நான்.

"சும்மா பழகத்தானே சொன்னே. விடு," என்றார்.

"விசுவாசி யார் வேணாலும் மன்னிப்பு சொல்லலாம்னு பிரசங்கம் பண்ணது யாரு?"

எழுந்தேன். கையைத் துடைக்கத் தோன்றவில்லை; அப்படியே அவர் தலைமேல் வைத்தேன். மன்னிப்பை முதலிலிருந்து, முழுவதும் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் பெயரைச் சொன்னேன். "அந்த ஞாயித்துக்கிழமைக்கும் சேத்துத்தான்," என்று முடித்தேன்.

"ஆமென்," என்றார், கடைசி பெஞ்சுக்காரர் மாதிரி கொஞ்சம் பிந்தி.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த வரியைத் தேடினார். "இங்க சபை எழுந்து நிக்கணும்னு போட்டிருக்கு," என்று மேசையைப் பிடித்து எழுந்து நின்றார். நரைமுடியில் பீன்ஸ் நார் ஒன்று பச்சையாக ஒட்டியிருந்தது. நான் எடுக்கவில்லை.