வரிசையில் எத்தனை பேர்

வகைமை மரபுகளுக்கு முப்பது மதிப்பெண் என்று விதி போட்டவள் நானே என்பதால், அன்று யார் மீதும் எரிச்சல்பட எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் பட்டேன்.

எங்கள் விஸ்காம் துறையில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு குறும்படம் எடுக்க வேண்டும். எடுக்கும் முன்பே அது என்ன வகை என்று படிவத்தில் எழுதித் தந்துவிட வேண்டும். பேய்ப் படமா, காதலா, அறிவியல் புனைவா, குடும்பக் கதையா? எழுதிக் கொடுத்த வகைக்கு உரிய மரபுகள் படத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து முப்பதுக்குப் போடுவோம். ஒன்றுகூட இல்லையென்றால் பூஜ்யம். பூஜ்யம் வாங்கிய படம் தேறாது, அடுத்த வருஷம் ஜூனியர்களோடு உட்கார்ந்து மறுபடி எடுக்க வேண்டும். அந்த மரபுகளை ஒவ்வொரு வகைக்கும் ஒரு தாள் வீதம் ஆறு வருஷத்துக்கு முன்பு நான்தான் தட்டச்சு செய்தேன். அதை நானே மறுபடி முழுதாகப் படித்ததில்லை.

காலையிலிருந்து ஏழு படம் ஓடிவிட்டது. நான்கில் பேய், நான்கு பேய்க்கும் கொலுசு. எங்கள் பிள்ளைகளுக்குப் பேய் என்றால் கொலுசு, காதல் என்றால் மழை. சித்திரை வெயிலில் மழைக்கு எங்கே போவது என்று ஒருவன் மொட்டைமாடியிலிருந்து பக்கெட்டில் தண்ணீர் ஊற்றியிருந்தான். பக்கெட்டின் நிழலும் காதலர்களோடு சேர்ந்து ஆடியது. தாளில் "மழை அல்லது அதற்கு இணையான சூழல்" என்று இருந்ததால் அதற்கும் மதிப்பெண் போட வேண்டியதாயிற்று.

என்னோடு மதிப்பிட வந்திருந்தவர் வீரபாகு. சென்னையில் பதினைந்து வருஷமாகத் தொலைக்காட்சித் தொடர்களை வெட்டி ஒட்டுகிற எடிட்டர். நல்ல மனுஷர்தான். எதைப் பார்த்தாலும் இது எத்தனை எபிசோடுக்குத் தாங்கும் என்று யோசிப்பார்.

அகிலாவின் படம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது. உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்பார்கள், தேர்வாளருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. திரையறை ஜன்னல்களுக்குக் கறுப்புத்தாள் ஒட்டியிருந்தோம். ஒரு தாளில் இருந்த ஓட்டை வழியாக வெளிச்சப் பொட்டு ஒன்று சுவரில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்க்கிறேனா திரையைப் பார்க்கிறேனா என்று எனக்கே தெரியாத நிலையில் படம் தொடங்கியது.

படத்தின் பெயர் 2059. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த வருஷத்தைப் பற்றி விளக்கம் தேவையில்லை. கோயில் குளத்துக்கு அடியில் இருக்கும் அத்தி வரதர் நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை வெளியே வந்து, நாற்பத்தெட்டு நாள் தரிசனம் தந்துவிட்டு மறுபடி தண்ணீருக்குள் போய்விடுவார். எழுபத்தொன்பதில் வந்தார், இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் வந்தார். ஒரு தடவை பார்த்தவன், ரெண்டு தடவை பார்த்தவள் என்றுதான் இங்கே பலர் வயதைச் சொல்வார்கள்.

திரையில் விடியற்காலை. பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெரு. நெசவுக்குப் போகும் பட்டு நூல்களை நீளவாக்கில் இழுத்துக் கட்டிப் பாவு போட்டிருக்கிறார்கள், தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, கத்திரிப்பூ நிறத்தில். அந்தப் பாவை ஒட்டி ஒரு வரிசை நிற்கிறது, கோயிலில் இரும்புத் தடுப்பை ஒட்டி நிற்பதுபோல. யாரும் நூலைத் தொடவில்லை, யாரும் பேசவில்லை. தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்கிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம் மட்டும் படம் முழுக்க ஓடுகிறது. தெருமுனையில் குறுக்கே ஒரு கயிறு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தொண்டன், அவள் வகுப்பு வசந்த், ஒவ்வொருவரிடமும் "எத்தினி பேரு?" என்று கேட்கிறான். அவர்கள் சொன்னதும் கயிற்றைத் தூக்கி உள்ளே விடுகிறான்.

கடைசியில் அகிலாவே வருகிறாள். தலையில் வெள்ளைப் பவுடர், கண்ணாடி, ஐம்பத்து நாலு வயது. அவள் பின்னால் யாருமே இல்லை. "எத்தினி பேரு?" "ரெண்டு பேரு." வசந்த் எதுவும் கேட்காமல் கயிற்றைத் தூக்குகிறான். படம் முடிந்தது. மொத்தம் பதினொரு நிமிஷம்.

விளக்கைப் போட்டதும் வீரபாகு படிவத்தைப் பார்த்தார்.

"சயின்ஸ் பிக்சன்னு போட்டிருக்குது. மெஷின் எங்கம்மா? ஒரு ரோபோகூட இல்லியே. கூட வந்தது ஆவின்னா பேய்ப் படம். நெனப்புன்னா குடும்ப சென்டிமென்ட். இது ரெண்டுல ஒண்ணு."

எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை. போன வாரம் முன்னோட்டம் பார்த்தபோதே என் குறிப்பில் எழுதியிருந்தேன்: "கூட்டத்துக்கு ஆள் போதவில்லை. சொல்லும் எண்ணும் நிற்கும் ஆளும் பொருந்தவில்லை. கயிறு பிடிப்பவன் தாமதம், வெட்டவும்." அவள் எதையும் வெட்டவில்லை. ஆக, பூஜ்யம்.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. வகையை மாற்றிக்கொள்கிறேன் என்று மாணவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் புதிய வகைக்கு மதிப்பிடலாம். இந்த வழியை வைத்ததும் நான்தான். வீரபாகு டீ குடிக்கப் போனார். நான் மாற்றுப் படிவத்தை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். அகிலா தூணோரம் நின்றிருந்தாள். ஒல்லியான பெண், காதோரம் இன்னும் கொஞ்சம் வெள்ளைப் பவுடர் ஒட்டியிருப்பதுபோல எனக்குத் தோன்றியது. சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் ஜூன் மாதம் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தேறினால்தான் வேலை.

"படத்துல ஒண்ணும் கை வைக்க வேணாம். சயின்ஸ் பிக்சனை அடிச்சிட்டு குடும்பக் கதைன்னு எழுதிக் கையெழுத்து போடு. இருபதுக்குக் கொறயாது."

"வேணாம் மிஸ்."

"பூஜ்யம்னா என்னன்னு தெரியும்ல?"

"தெரியும் மிஸ்."

எனக்குக் கோபம் வந்தது. அழுகை வர வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும், பிறவிக் குணம். அவள் சேர்க்கைப் படிவம் எனக்கு நினைவிருந்தது. தந்தை பெயர் என்ற இடத்தில் "லேட் சிவராஜ், பட்டு நெசவு" என்று எழுதியிருந்தாள். கொரோனா இரண்டாம் அலையில் போனவர். "கூட வர்றது உங்கப்பாதானே? அப்ப அது குடும்பக் கதைதானே? இதுல என்ன வீம்பு?" என்றேன்.

அவள் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பத்தொம்பதுல அப்பாவோட போனேன் மிஸ். எட்டு மணி நேரம் நின்னோம். கால் வலிக்குதுன்னு அழுதுக்கினே இருந்தேன். அடுத்த தடவ எனக்கு எண்பத்து நாலு, அப்ப நான்தான் கால் வலிக்குதுன்னு அழுவேன், நீதான் என்னை இட்டுக்கினு வரணும்னு சொன்னாரு. நானும் சரின்னு சொன்னேன்."

"சரி."

"குடும்பக் கதைன்னு எழுதினா, எங்கப்பா செத்துட்டாரு, அவ்ளோதான் மிஸ் படம். சயின்ஸ் பிக்சன்னா அது இன்னும் நடக்கல. இனிமேதான் நடக்கப் போவுது."

அவள் அழவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன், குறை சொன்னேன்.

"அது இருக்கட்டும். மொதல்ல வர்ற பெரியவரு நாலு பேருன்றாரு, ஆனா அவரு ஒருத்தர்தான் நிக்கிறாரு. ஆள் கெடைக்கலன்னா வசனத்தையாவது மாத்தியிருக்கலாம்ல?"

"ஆளுங்க இருந்தாங்க மிஸ். தெருவே வேடிக்க பாத்துக்கினு நின்னுது." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க கவனிக்கலியா? எல்லாருமே அப்படித்தானே சொல்றாங்க."

நான் திரும்பிப் போய், யாரும் இல்லாத அறையில் விளக்கை அணைத்துவிட்டுப் படத்தை மறுபடி ஓட விட்டேன்.

கத்திரிப்பூ நிறப் பாவு மறுபடி தெருவில் நீண்டது. தண்ணீர்ச் சத்தம் காதுக்குள் ஏறியது. இந்த முறை எண்ணினேன். பெரியவர் நாலு பேர் என்கிறார். குனிந்து உள்ளே போகிறார். வசந்த் கயிற்றை இறக்கவில்லை. இன்னும் மூன்று பேர் குனிந்து போகும் நேரம் தூக்கியே பிடித்திருக்கிறான், பிறகு இறக்குகிறான். அடுத்து கைப்பையோடு ஒரு பெண் தனியாக வருகிறாள். ரெண்டு பேர் என்கிறாள். அவள் போன பிறகு வசந்த் கயிற்றைப் பாதி உயரத்துக்கு மட்டும் இறக்கி வைத்துக்கொண்டு நிற்கிறான். ஒரு சின்னப் பிள்ளை நுழைவதற்கு அந்த உயரம் போதும். அதற்குப் பின்னால் வருகிறவர்களும் அப்படியேதான். தனியாக வருகிற ஒருவர்கூட ஒன்று என்று சொல்லவில்லை. யாரும் யாரையும் விநோதமாகப் பார்க்கவில்லை. அந்த ஊரில், அந்த வருஷத்தில், வழக்கமே அதுதான்.

சுவரில் அந்த வெளிச்சப் பொட்டு திரையின் ஓரம்வரை வந்துவிட்டிருந்தது. எனக்கு என் அம்மா ஞாபகத்துக்கு வந்தாள்.

நான் எழுபத்தொன்பது ஆகஸ்டில் பிறந்தவள். அதற்கு முந்தின மாதம் என் அம்மா அங்கம்மாள், நிறைமாத வயிற்றோடு தாமல் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்து அத்தி வரதரைப் பார்க்க வரிசையில் நின்றிருக்கிறாள். எத்தனை பேர் என்று கேட்டவனிடம் வயிற்றில் கை வைத்து ரெண்டு பேர் என்றாளாம். அவனும் சிரிக்காமல் ரெண்டு என்றே எண்ணி விட்டானாம். "அப்பவே உன்னைச் சேத்துத்தான் சொன்னேன்" என்று சாகும்வரை சொல்லிக்காட்டுவாள். இரண்டாயிரத்துப் பதினெட்டில் போய்விட்டாள். இன்னும் ஒரு வருஷம் இருந்திருந்தால் இரண்டாம் தடவை பார்த்திருப்பாள். பத்தொன்பதில் நான் தனியாகப் போனேன். கிழக்கு கோபுர வாசலில் ஒரு பையன் எத்தனை பேர் என்று கேட்டான். ஒருத்திதான் என்றேன். அது சரியான பதில்தான். ஆனால் அன்று மதியம் இருட்டறையில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பதில் எனக்குத் தாங்க முடியவில்லை. நன்றாக அழுதேன், கோபம் வரவில்லை.

வீரபாகு வருவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் தட்டச்சு செய்த அறிவியல் புனைவுத் தாளை எடுத்து முதல்முறையாக முழுதாகப் படித்தேன். அவர் வந்ததும் நான்காவது வரியை அவருக்கும் படித்துக் காட்டினேன்: கதையின் உலகம் ஒரு விதியிலாவது நம் உலகிலிருந்து மாறுபட்டிருக்க வேண்டும், அந்த விதி படம் முழுவதும் மீறப்படாமல் இருக்க வேண்டும்.

"மெஷின் வேணும்னு இதுல எங்கியாவது இருக்குதா சார்?"

"இல்ல. ஆனா இதுல என்ன விதி மாறியிருக்குது?"

"எண்ணும்போது வந்தவங்கள மட்டும் எண்ண மாட்டாங்க. கயித்தப் பாருங்க."

அவர் பேச்சை நம்புகிறவர் இல்லை, டைம்லைனைத்தான் நம்புவார். மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, கயிறு தூக்குவதிலிருந்து இறக்குவதுவரை ஒவ்வொரு ஷாட்டாக அளந்தார். ஒரு ஆளுக்கு நாலு நொடி. பெரியவருக்குப் பதினாறு. கைப்பைப் பெண்ணுக்கு எட்டு. எந்த இடத்திலும் அரை நொடிகூடப் பிசகவில்லை. அளந்து முடித்துவிட்டு மடிக்கணினியை என் பக்கம் தள்ளினார்.

"என் டேபிளுக்கு வந்திருந்தா காலி ஷாட்டுன்னு இதைத்தாம்மா மொதல்ல தூக்கியிருப்பேன்" என்றார்.

இருபத்தேழு போட்டோம். மூன்றைக் குறைத்தது அவர். பெரியவரின் கைக்கடிகாரம் 2059-க்கு ரொம்பப் பழசாம். நான் என் பழைய குறிப்பின் மேல் குறுக்கே கோடு போட்டேன்.

வராந்தாவில் அகிலா அதே தூணோரம்தான் நின்றிருந்தாள். மாற்றுப் படிவத்தை அவள் கையிலிருந்து வாங்கி நான்காகக் கிழித்தேன். "இருபத்தேழு. சயின்ஸ் பிக்சன்" என்றேன். அவள் முகம் மலர்ந்தது, உடனே மனசு எங்கேயோ கணக்குப் போடப் போய்விட்டது.

"மிஸ், நீங்க ஒரு தடவ பாத்தவங்களா, ரெண்டு தடவயா?"

"வெளிய வந்து ஒரு தடவ. உள்ள இருந்து ஒரு தடவ."

அவளுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. "அம்பத்தொம்பதுல வருவீங்களா?" என்று கேட்டாள்.

"எண்பது வயசாயிடும். எங்க வர்றது?"

"வரலன்னாலும் பரவால்ல மிஸ். நான் மூணு பேருன்னு சொல்லிடறேன்."

நான் தலையாட்டிவிட்டு உள்ளே போகத் திரும்பினேன். அடுத்த படம் காத்திருந்தது, பேய்தான். வாசல்படியில் கால் வைத்தவள் மறுபடி திரும்பினேன்.

"அகிலா, நாலுன்னு சொல்லு. எங்கம்மாவும் வரும்."

"சரி மிஸ்."

"வசந்த்துகிட்டயும் சொல்லி வெய். எங்கம்மா மெதுவாத்தான் நடக்கும். நாலு நொடி பத்தாது."