பதிமூன்றரை வோல்ட்

அண்ணன் செத்து மூன்று மாதம் ஆகியும் மீட்டர் ஒரு பொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்நெஞ்சக்காரன் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். மறுக்க அவனுக்கும் தோன்றவில்லை. காலையில் பட்டறையைத் திறந்தான், வண்டிகளுக்கு வயரிங் பார்த்தான், சாயங்காலம் பூட்டிவிட்டு வந்து அம்மா போட்டதைத் தின்றான். மீட்டர் என்பது அண்ணன் வைத்த பட்டப்பெயர். பல்பு கண்ணெதிரே எரிந்தாலும் வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எரிகிறது என்று ஒத்துக்கொள்வானாம்.

இன்று அண்ணி கூப்பிட்டிருந்தாள். அண்ணன் ஆசை ஆசையாய் வாங்கிய மோட்டார்ஹோம், உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்த பெரிய வண்டி, வாசலில் நின்றது. நாளை அதை வாங்க ஆள் வருகிறது.

"அவங்களும் பின்னாடி காரைக் கட்டி இழுத்துட்டுப் போவாங்களாம் தம்பி. காருக்குக் கரண்ட் போற பிளக்குல சார்ஜ் வருதான்னு பார்த்துடு. நம்மள மாதிரி யாரும் மாட்டிக்கக் கூடாது."

மாட்டிக்கொண்ட கதை குடும்பத்துக்கே மனப்பாடம். அண்ணனும் அண்ணியும் காரைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க ஓட்டிப்போய் ஓர் ஏரிக்கரையில் தங்கினார்கள். மறுநாள் காலையில் அண்ணனுக்கு நெஞ்சுவலி. பெரிய வண்டியை ஓட்ட அண்ணிக்குத் தெரியாது. கார் ஓட்டுவாள். ஓடிப்போய்க் கார் சாவியைத் திருப்பினாள், 'டிக்' என்றதோடு சரி. பேட்டரி காலி. ஆம்புலன்ஸ் வர ஐம்பது நிமிடம் ஆனது. அண்ணன் அதுவரை இருக்கவில்லை.

காருக்குள் லைட்டை அணைக்காமல் விட்டிருப்பாள் என்று அம்மாதான் முதலில் சொன்னாள். அழுகையோடு அழுகையாகச் சொன்னது, பிறகு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒப்பிப்பதாக ஆயிற்று. அணைத்தோமா இல்லையா என்று அண்ணிக்கே நினைவில்லை. அதனால் வாயைத் திறக்கவில்லை.

இழுத்துப்போகும்போது அந்தக் காரின் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாமல் இருக்கச் சாவியைப் பாதி திருப்பி வைக்க வேண்டும். அது நாள் முழுக்க பேட்டரியைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குடிக்கும். அதை ஈடுகட்டத்தான் பெரிய வண்டியிலிருந்து பிளக்கிலுள்ள பித்தளைப் பின்களில் ஒன்றின் வழியாக சார்ஜ் அனுப்புவது. போன வருஷம் அந்த வயரைப் போட்டவன் மீட்டர்தான்.

அண்ணி இன்ஜினை ஓடவிட்டாள். அவன் பிளக்கில் மீட்டரை வைத்தான். பதிமூன்றரை வோல்ட். 'ஜம்முனு வருது' என்று சொல்ல வாயெடுத்தான். போன வருஷமும் இதே இடத்தில் குந்தி, இதே பதிமூன்றரையைப் பார்த்து, அண்ணனிடம் இதையேதான் சொன்னான். வாய் பாதியில் நின்றது.

பட்டறையில் எவன் வண்டியானாலும் லோடு கொடுத்து, அதாவது பல்பு எதையாவது மாட்டி எரியவிட்டு, பார்க்காமல் அனுப்பமாட்டான். சொந்த அண்ணன் வண்டிக்கு மட்டும் பார்க்கவில்லை. பையிலிருந்து ஒரு ஹெட்லைட் பல்பை எடுத்து அந்தப் பின்னில் இணைத்தான். பல்பு மங்கலாக எரிந்தது, மீட்டர் பத்துக்கு இறங்கியது. சும்மா இருக்கும்போது எந்த வயரும் முழு வோல்ட் காட்டும். கரண்ட் ஓடும்போதுதான் ஒல்லி வயரின் வண்டவாளம் தெரியும்.

இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் ஊர்ந்துபோனான். விளக்குக்குப் போடுகிற மெல்லிய வயர், அவன் கையால் சுற்றிய டேப்போடு தொங்கியது. அன்றைக்குத் தடித்த வயர் தீர்ந்துவிட்டது, அண்ணனுக்குக் கிளம்பும் அவசரம். 'அடுத்த வாரம் மாத்திடறேண்ணா' என்றான். மாற்றவில்லை. பக்கத்து ஊர்ப் பயணங்களில் குறை தெரியவில்லை, அந்த ஒரு நீண்ட நாளில் தெரிந்துவிட்டது.

நெஞ்சு அடைக்கும் என்று மல்லாந்தபடி காத்திருந்தான். அடைக்கவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட உதடு மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. பேசாமல் வயரை மாற்றிவிட்டுப் போனால் யாருக்குத் தெரியப்போகிறது?

"என்ன தம்பி, வருதா?"

வெளியே வந்து தரையில் உட்கார்ந்தபடியே சொன்னான். "வரல அண்ணி. அன்னைக்கும் சரியா வந்திருக்காது. ஒல்லி வயரப் போட்டுட்டேன். கார் நின்னது என்னாலதான்."

அண்ணி அவனை நோக்கிக் குனிந்தாள். "அப்போ லைட்டு?"

"அணைக்காம விட்டிருந்தாக்கூட அந்தத் துக்கடா லைட்டு ஒரு ராத்திரியில நல்ல பேட்டரிய ஒண்ணும் பண்ணாது."

"இது உனக்கு இன்னைக்குத்தான் தெரியுமா?"

வண்டி எலக்ட்ரீசியன் எவனுக்கும் தெரிகிற சங்கதி. அவன் தலை குனிந்தான். "முன்னாடியே தெரியும்."

"மூணு மாசமா உங்கம்மா என்னை வாய்க்கு வந்தபடி பேசினாங்க. நீ பக்கத்துல உக்காந்து சோறு தின்னுட்டு இருந்த."

"வயரப் போட்டு முடி" என்று மட்டும் சொல்லிவிட்டு அண்ணி படியில் உட்கார்ந்தாள்.

தடித்த வயரை இழுத்தான், ஃபியூஸ் வைத்தான், இன்ஜினை ஓடவிட்டுப் பல்பை மாட்டினான். மீட்டர் பதிமூன்றில் நின்றது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, அண்ணி கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு அம்மாவை அழைத்தான். ஒல்லி வயர், பேட்டரி, லைட், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான்.

மறுமுனையில் அம்மா, "இப்படிச் சொல்லச் சொல்லி அவ உன்ன உக்கார வச்சிருக்காளா? பாவம்டா நீ. சாப்பிட வா" என்று வைத்துவிட்டாள்.

மூன்று மாத மரப்பு இப்போதுதான் விட்டது. அவன் போனைத் தரையில் வைத்தான்.

"நாளைக்கும் சொல்லு" என்றாள் அண்ணி. "அவங்க நம்புற வரைக்கும் தினமும் சொல்லு."