மூன்று நிமிடத்தில் நான்கு டிரே

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாம்மா?"

"அது சொல்லாது சார். அதுக்குச் சொல்லிக் குடுத்தவங்க சொல்லுவாங்க."

தர மேலாளர் தெய்வசிகாமணி திரையை என் பக்கம் திருப்பினார். உளுந்தூர்பேட்டைக்கு வெளியே இருக்கும் எங்கள் ஷூ கம்பெனியில் ஒவ்வொரு டிரேக்கும் ஒரு பார்கோடு ஸ்டிக்கர். எந்தத் தோல், என்ன அளவு, யார் தைத்தது எல்லாம் அந்த மெல்லிய கோடுகளுக்குள் குடியிருக்கும். செவ்வாய்க்கிழமை எட்டாம் நம்பர் கறுப்புத் தோலில் ஏழாம் நம்பர் உள்துணியை வைத்துத் தைத்துவிட்டார்கள். நான்கு டிரே, நாற்பத்தெட்டு ஜோடி. நான்கிலும் என் பெயர்: நான்சி, லைன் மூன்று.

"கார்டைக் கழட்டி வெச்சிட்டு வூட்டுக்குக் கெளம்பு" என்றார் சூப்பர்வைசர் தனசேகரன்.

"டைமைப் பாருங்க சார். பன்னெண்டு முப்பத்தொன்னுலேர்ந்து முப்பத்திநாலு. மூணு நிமிசத்துல நாலு டிரே. எனக்கு இன்னா பத்து கையா இருக்குது?"

மேலாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். அதுவரை அவர் என் பெயரை மட்டும்தான் படித்திருக்கிறார்.

ஒரு டிரே முடிந்ததும் அதன் ஸ்டிக்கரையும் கழுத்தில் தொங்கும் கார்டையும் ஸ்கேன் மிஷினில் காட்டினால்தான் தைத்தவர் பெயர் அதில் ஏறும். அந்த மிஷின் லைனின் கோடியில் ஒன்றே ஒன்று. டிரேக்கு டிரே எழுந்து போனால் டார்கெட் குறையும். அதனால் ஸ்டிக்கரை உரித்து ஏப்ரனில் ஒட்டிக்கொள்ளச் சொன்னார் தனசேகரன். சாப்பாட்டு நேரத்தில் ஆறு பேர் ஸ்டிக்கரையும் கார்டையும் ஒருத்தி கொண்டுபோய் மொத்தமாகக் காட்டிவிட்டு வருவாள். நண்பகலுக்குள் எங்கள் நெஞ்செல்லாம் பதக்கங்கள். "இன்னா கர்னலு, சோத்துக்குப் போலாமா?" என்று ஒருத்தியை ஒருத்தி கிண்டல் செய்வோம்.

இதைச் சொன்னதும் தனசேகரன் சிரித்தார். "நான் எங்க சார் சொன்னேன்? சோம்பேறித்தனத்துல இதுங்களே பண்ணிக்கினு இருக்குதுங்க."

இதுங்க. என் காது மடல் சுட்டது.

"கார்டையெல்லாம் சேத்துக் கட்ட ரப்பர் பேண்டு வாங்கியாந்தது யாரு? நாங்களா? டிரேல ஸ்டிக்கர் இருந்தா அளவப் பாத்திருப்போம். அதான் மார்ல ஒட்டிக்கினு இருந்தோமே, எது ஏழு, எது எட்டுன்னு யாருக்குத் தெரியும்? அன்னிக்கு என் மிஷின்ல பூரா பிரவுன் நூலு. கறுப்ப நான் தொடவே இல்ல."

"அப்ப கறுப்பு யார் தைச்சது?" என்றார் மேலாளர்.

கதவோரம் விஜயலட்சுமி அக்கா நின்றிருந்தாள். விசாரிக்க அவளையும் கூப்பிட்டிருந்தார்கள். அவள் மிஷினில்தான் அன்று கறுப்பு நூல். ஆறு கார்டுகளையும் கொண்டுபோனவளும் அவள்தான்; அவசரத்தில் தன் ஸ்டிக்கர்களுக்கு என் கார்டைக் காட்டியிருக்கிறாள். திருநாவலூரிலிருந்து தினமும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வருகிறோம். இன்று காலை அவள் பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"அது எனக்குத் தெரியாது சார்" என்றேன். அந்த அறையில் நான் சொன்ன ஒரே பொய். அதற்கும் சேர்த்துத் தனசேகரன் மீதுதான் ஆத்திரம் வந்தது.

"தெரியாதாம்! மாட்டிக்கினதும் கதை வுடுது" என்றார் அவர்.

நான் கதவுப் பக்கம் திரும்பினேன். அக்காவின் கண்கள் தரையில் இருந்தன.

"யார் தைச்சதுன்னு நான் கேக்கல. ஸ்டிக்கர ஏப்ரன்ல ஒட்டச் சொன்னது இவருதானா இல்லியா? அத மட்டும் சொல்லுக்கா."